பாய்மரப் படகில் மஸ்டிக் தீவு

மஸ்டிக் என்பது கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில், செயின்ட் வின்சென்ட் கிரெனடைன்ஸ் நாட்டுக்கு உட்பட்ட ஒரு சிறிய தீவு ஆகும். பரப்பளவு சுமார் 1,400 ஏக்கர். கொசுவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. தீவு முழுவதையும் மஸ்டிக் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் நிர்வகிக்கிறது. ஏறத்தாழ நூறு மாளிகைகள் இங்கு உள்ளன. அவற்றின் உரிமையாளர்களே இந்நிறுவனத்தின் பங்குதாரர்கள். ஒரு மாளிகையின் ஒரு வார வாடகை சில ஆயிரம் டாலர்களில் தொடங்கி மிக உயரத்துக்குச் செல்லும். ஆனால் பாய்மரப் படகில் வருபவருக்குப் படகே விடுதி, அடுக்களை, படுக்கை எல்லாம். ஆகவே, பெருஞ்செல்வர் அல்லாதவர்கள் இத்தீவைப் பார்த்துவர உள்ள முக்கியமான வழி கடல்வழியே ஆகும்.

தீவு தனியாருடையதான வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உழைத்தனர். கரும்பு நலிந்தபின் பருத்தி பயிரிடப்பட்டது. 1958இல் காலின் டென்னன்ட் என்ற பிரிட்டிஷ் செல்வந்தர் 45,000 பவுண்டுக்குத் தீவை வாங்கினார். இன்று இத்தொகைக்கு இங்கு ஒரு வீட்டின் வாசற்படியைக்கூட வாங்க இயலாது. 1960இல் இளவரசி மார்கரெட்டுக்குத் திருமணப் பரிசாகப் பத்து ஏக்கர் நிலத்தை டென்னன்ட் அளித்தார். ஆலிவர் மெஸ்ஸல் வடிவமைத்த இளவரசியின் வீடு அங்கு எழுந்ததும் தீவின் புகழ் பரவியது. மிக் ஜாகர், டேவிட் போவி போன்ற இசைக் கலைஞர்களும் வீடு கொண்டனர். நிர்வாக நிறுவனம் 1968இல் அமைந்தது. பழைய தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் பிரிட்டானியா விரிகுடாவுக்கு மேலுள்ள லோவெல் கிராமத்தில் வாழ்கின்றனர்.

இந்நாட்டோடு தமிழருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1861 ஜூன் 1 அன்று, மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த கப்பல் செயின்ட் வின்சென்ட் தீவை அடைந்தது. அந்த நாளை இந்தியர் வருகை நாளாக அங்கு இன்றும் நினைவுகூர்கின்றனர்.

கடல்வழி

வெளிநாட்டிலிருந்து வரும் படகுகள் பெரும்பாலும் வடக்கே உள்ள பெக்வேய் தீவின் போர்ட் எலிசபெத் துறையில் மஞ்சள் கொடியுடன் நின்று, சுங்க, குடிவரவு நடைமுறைகளை முடித்துக்கொண்டு புறப்படுகின்றன. அங்கிருந்து மஸ்டிக் தென்கிழக்கே உள்ளது. நல்ல காற்றில் மூன்று மணி நேரம் போதும். தொலைவு குறைவு என்பதால் இதை எளிய பயணம் என்று எண்ணிவிடக் கூடாது. இப்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. நம் மீனவர் வழக்கில் சொன்னால் கொண்டல். தென்கிழக்கே செல்லும் படகு இக்காற்றை ஏறக்குறைய எதிர்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஓட வேண்டும். தீவுகளுக்கு இடையே உள்ள நீரோட்டம் படகை மேற்கே தள்ளும். தீவை நேராகக் குறிவைத்து ஓட்டுபவர், முடிவில் தீவுக்கு மேற்கே வெகுதூரம் விலகி நிற்பார். கிறிஸ்துமஸ் காலத்தில் காற்று மேலும் வலுக்கும் என்பதால், புறப்படும் முன்பே பாயைச் சுருக்கிக் கட்டுவது வழக்கம்.

விரிகுடாவை நெருங்கும்போது மான்டசூமா திட்டு எனும் ஆழமற்ற பாறைத்திட்டைக் கவனிக்க வேண்டும். கறுப்பும் சிவப்பும் பூசிய கம்பம் அதைக் காட்டுகிறது. தீவின் வடக்கேயும் பாறைகள் உண்டு. 1971 ஜனவரி 8 அன்று ஆன்டில்ஸ் என்ற பெரிய பிரெஞ்சுப் பயணிகள் கப்பல் அங்கு பாறையில் மோதித் தீப்பற்றியது. கப்பலில் இருந்த அனைவரும் மீட்கப்பட்டனர்; மீட்பில் குயின் எலிசபெத் 2 கப்பலும் பங்கேற்றது. அந்த மேலோடு பல ஆண்டுகள் நீருக்கு மேலே தெரிந்தது.

பிரிட்டானியா விரிகுடா

படகுகள் நிற்கும் இடம் மேற்குக் கரையிலுள்ள இந்த விரிகுடா. பவளப்பாறையையும் கடற்புல்லையும் நங்கூரச் சங்கிலி அரித்துவிடும் என்பதால், கடலடியில் பொருத்தப்பட்ட மிதவைகளில் கயிறு கட்டியே நிற்க வேண்டும். கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது. துறைப் பொறுப்பாளரின் ஆட்கள் சிறு படகில் வந்து வசூலிக்கின்றனர். இது பாதுகாப்புக் கட்டணம் எனப்படுகிறது. பவளத்துக்கு இதனால் நன்மை உண்டு. கூடவே, எத்தனை படகுகள் நிற்கலாம் என்பதை நிறுவனமே தீர்மானிக்கவும் இது வழி செய்கிறது.

கிழக்குக் காற்றிலிருந்து விரிகுடாவுக்கு மறைவு கிடைத்தாலும், அலை தீவின் இரு முனைகளையும் சுற்றிவந்து உள்ளே புகும். காற்று ஒரு திசையிலும் அலை வேறு திசையிலும் இருப்பதால் ஒற்றை உடல் படகுகள் இரவெல்லாம் பக்கவாட்டில் ஆடும். இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகைப் படகில் இந்தத் தொல்லை குறைவு. (கட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து பிறந்தது.) குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் புயல்களால் எழும் நெடிய அலைகள் வந்தால், சிறு ரப்பர் படகில் கரை இறங்குவதே கடினம். அன்று வேறு தீவுக்குப் போய்விடுவது நல்லது.

கரையில்

இறங்கியதும் மீனவர் குடில்கள், சங்கு ஓடுகளின் குவியல்கள், மீன் சந்தை, ரொட்டிக்கடை, சிறிய பலசரக்குக் கடை ஆகியன உள்ளன. பெரும்பாலான பொருள்கள் படகில் வருவதால் விலை அதிகம். காய்கறியையும் குடிநீரையும் பெக்வேயிலேயே நிரப்பிக்கொள்வது சிக்கனம். நீர்மேல் கால்நாட்டிய பேசில்ஸ் பார் எல்லோரும் கூடும் இடமாகும். செயின்ட் வின்சென்ட்டைச் சேர்ந்த பேசில் சார்லஸ் நடத்திப் புகழ்பெற்றதாக்கிய மதுக்கூடம் இது. அட்லாண்டிக்கை நோக்கிய மக்கரோனி கடற்கரை அழகானது, ஆனால் இழுவை மிக்கது.

கரீபிய மக்களிடையே கடற்கரை எல்லோருக்கும் உரியது என்ற எண்ணம் வலுவானது. மஸ்டிக்கில் அந்த எண்ணம் உரிமையாளர்களின் தனிமையோடு மோதுகிறது. நெரிசலான வாரங்களில் படகுப் பயணிகள் செல்லக்கூடிய பகுதிகளை நிறுவனம் குறுக்கிவிடுகிறது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை மிதவையில் கட்டும்போதே கேட்டுக்கொண்டால், வாயிற்காவலரிடம் திரும்பிப்போகும் சங்கடம் நேராது. வீடுகளைப் படமெடுப்பதும் விரும்பப்படுவதில்லை.

பருவம்

டிசம்பர் முதல் மே வரை ஏற்ற காலம். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி தெற்கே உள்ள யூனியன், மைரோ, கனவான் தீவுகளைப் பெருமளவு அழித்தது. மஸ்டிக்கில் சேதம் ஒப்பீட்டளவில் குறைவு. மஸ்டிக்கிலிருந்து தெற்கே டொபேகோ கேய்ஸ் கடற்பூங்காவை நோக்கிச் செல்லும் படகுகளுக்குக் காற்று பக்கவாட்டிலும் பின்னாலும் கிடைக்கும். வரும்போது பட்ட பாடு போகும்போது இல்லை.