தேன் எடுக்கப் போனவள் திரும்பவில்லையே!

கொல்லையில் பரங்கிக்கொடி தளதளவென்று படர்ந்திருக்கும். மஞ்சள் மஞ்சளாகப் பூவும் பூக்கும். ஆனால் பிஞ்சு மட்டும் சுண்டைக்காய் அளவிலேயே வெம்பி விழுந்துவிடும். 'கண் பட்டுவிட்டது' என்று பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுவோர் எங்கள் தெருவிலேயே உண்டு. உரம் போதவில்லை என்று கூடை கூடையாகச் சாணம் கொட்டுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் காரணம் அதுவல்ல சகோதரிகளே! அந்தப் பூவுக்குத் தேனீ வரவில்லை.

பரங்கி, பூசணி, பாகல், வெள்ளரி எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தத்தை யாராவது பெண் பூவில் கொண்டு சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். நெல்லுக்குத் தேனீ வேண்டியதில்லை, அதன் மகரந்தத்துக்குக் காற்றே போதும். ஆனால் குழம்பில் போடும் காயும், தாளிக்கும் கடுகும், எண்ணெய்க்கு ஆட்டும் எள்ளும், முருங்கையும், கொத்துமல்லி விதையும் தேனீயை நம்பித்தான் நன்றாகக் காய்க்கின்றன. தேனைக்கூட விடுங்கள், வருஷத்துக்கு ஒரு பாட்டில் வாங்குவோம். காய்கறி தினமும் வேண்டுமே!

பட்டு நெசவு ஊரான எங்கள் ஆரணியில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். பூச்சிமருந்து பட்ட முசுக்கொட்டை இலையைத் தின்றால் பட்டுப்புழு சாகும். அதனால் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பக்கத்து நிலத்தில் யார் என்ன தெளிக்கிறார்கள் என்று கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார்கள். தேனீயும் பூச்சிதான். ஆனால் அதற்குக் காவல் இருக்க யார் இருக்கிறார்கள்? ஒரு கிலோமீட்டர் சுற்றி எந்தப் பூவுக்குப் போனது, அதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

என் நாத்தனார் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள். வீட்டில் ஒரு தறி, ஒரு காணி நிலம், அதோடு நாலு தேனீப் பெட்டி. தேன் விற்ற காசு மகளின் பாலிடெக்னிக் கட்டணத்துக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் போன் போட்டாள். "அண்ணி, பெட்டி வாசல்லே கொத்துக் கொத்தா செத்துக் கிடக்குதுங்க. உயிரோட இருக்கறதும் பறக்க முடியாம வட்டமடிக்குது. எல்லாத்துக்கும் நாக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்குது" என்று அழுதாள்.

நாக்கு நீட்டிச் சாவது விஷத்தின் அடையாளம். பக்கத்து நிலத்துக்காரர் எள் போட்டிருந்தார். பூத்து நின்ற எள்ளில் புழு விழுந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு, தேனீக்கள் பூவில் மொய்த்திருந்த நேரத்தில், ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்திருக்கிறார். கடையில் கொடுத்ததை வாங்கினார், அடித்தார். அவரும் குத்தகை நிலத்தில் கடன் வாங்கிப் பயிர் வைத்தவர்தான். விஷத்தை 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் பயம் எங்கிருந்து வரும்?

இந்த மருந்துகளில் பலவும் பூச்சியின் நரம்பைத் தாக்குகின்றன. அதிகமாகப் பட்டால் உடனே சாவு, அது கண்ணுக்குத் தெரிகிறது. கொஞ்சமாகப் பட்டால் நடப்பதுதான் எனக்கு அதைவிட வேதனையாக இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழி மறந்துபோகிறது! தயாமீதாக்சம் என்ற மருந்தைச் சாகாத அளவில் கொடுத்து, முதுகில் சிறு அடையாளச் சில்லு ஒட்டி, தேனீக்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள். பல தேனீக்கள் கூடு திரும்பவேயில்லை. இது 2012-ல் வெளிவந்த ஆராய்ச்சி. இந்த மருந்தையும், இதே இனத்தைச் சேர்ந்த இமிடாகுளோபிரிட், குளோதயனிடின் இரண்டையும் திறந்தவெளி வயல்களில் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் 2018-ல் தடை போட்டது. இவற்றை விதையில் தடவினாலே போதும், செடி வளரும்போது சாற்றோடு ஏறிப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கொஞ்சம் வந்துவிடும். மேலே தெளித்தால்தான் ஆபத்து என்பதில்லை.

வெளியே போகிறவை எல்லாமே பெண் தேனீக்கள். வேலைக்காரத் தேனீயின் ஆயுள் வேலை மும்முரமான நாளில் ஆறு வாரம்தான். முதல் மூன்று வாரம் வீட்டுக்குள்ளே வேலை. அறையைச் சுத்தம் செய்வது, புழுக்களுக்கு ஊட்டுவது, அடை கட்டுவது. அதன் பிறகுதான் வெளிவேலை. இப்படி ஓடி ஓடி அவள் ஆயுள் முழுக்கச் சேர்ப்பது ஒரு டீஸ்பூனில் பன்னிரண்டில் ஒரு பங்கு தேன்! வெளியே போனவர்கள் திரும்பாவிட்டால், உள்ளே குழந்தை பார்த்துக்கொண்டிருந்த இளசுகள் வயது வருமுன்னே வெளியே போகவேண்டி வருகிறது. புழுக்களுக்கு ஊட்ட ஆளில்லை, சூடு கொடுக்க ஆளில்லை. சம்பாதிக்கப் போனவர்கள் இல்லாமல் ஒரு குடும்பம் எப்படிக் குலையுமோ அப்படிக் குலைகிறது கூடு.

அந்த நேரம் பார்த்து நுழைபவைதான் ஒட்டுண்ணிகள். நாத்தனாரின் பெட்டிகளில் ஒன்று அப்படித்தான் போயிற்று. விஷத்தில் பாதி ஈ செத்தது, மீதி ஈ அடைகளை மூடி நிற்கப் போதவில்லை. மூன்றே வாரத்தில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டுவிட்டது. திறந்து பார்த்தால் அடை முழுக்க வெள்ளை வெள்ளையாக நூலாம்படை. அந்தப் புழுவும் பட்டு நூற்கிறது, பாருங்கள்! பாவு போட்டு நெய்ய உதவாத பட்டு. ஈ நிறைந்த கூட்டில் இந்தப் புழுவைத் தேனீக்களே இழுத்து வெளியே போட்டுவிடும். அது வாழ்வதெல்லாம் இளைத்த கூட்டில்தான்.

இன்னொன்று வரோவா என்ற உண்ணி. செம்பழுப்பு நிறம், கடுகளவு. கடுகுதானே என்று நினைக்காதீர்கள். தேனீயின் உடம்போடு ஒப்பிட்டால், நம் முதுகில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் உண்ணி ஒட்டியிருப்பது போல! புழு இருக்கும் அறையை மெழுகால் மூடப்போகும் சமயத்தில் உள்ளே புகுந்துகொண்டு அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். தேனீயின் உடம்புக் கொழுப்பைத் தின்னும். கூடவே ஒரு வைரஸையும் ஏற்றும். இறக்கை சுருங்கிய தேனீ பிறக்கும்.

இதில் நம் நாட்டு அடுக்குத் தேனீயின் சாமர்த்தியத்தைச் சொல்லியாக வேண்டும். வரோவா ஆதியில் இந்தத் தேனீயோடேயே இருந்த பூச்சிதான். அதனால் இதற்கு அதைக் கையாளத் தெரியும். ஒன்றையொன்று தடவிப் பார்த்து உண்ணியைக் கடித்துப் போடும், உண்ணி விழுந்த புழுவை அறையோடு அப்புறப்படுத்தும். உண்ணியால் ஆண் புழுவின் அறையில் மட்டுமே பெருக முடியும். மேல்நாட்டுத் தேனீக்கு, நாம் இத்தாலியத் தேனீ என்கிறோமே அதற்கு, இந்தப் பழக்கம் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்ததால் உண்ணி தாவி உலகமெல்லாம் பரவிவிட்டது. அமெரிக்காவில் 1987-ல் கண்டுபிடித்தார்கள். கடைசிவரை தப்பித்திருந்த ஆஸ்திரேலியாவிலும் 2022-ல் வந்துவிட்டது.

அதற்காக நம் தேனீக்கு நோயே வராது என்று இருந்துவிட முடியாது. மார்த்தாண்டத்தைக் கேளுங்கள். 1924-ல் அங்கே ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமச் சீரமைப்பு நிலையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் தொடங்கினார். ஏழைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கைத்தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. அது வளர்ந்து வீட்டுக்கு வீடு பெட்டி என்றாயிற்று. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்விடும்போது பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பிலிருந்தே இனிப்பு நீர் சுரக்குமாம். தேன் பெருகுவது அதில்தான். அப்படிச் செழித்த இடத்தில் 1991, 92-ல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்தது. தாய்லாந்தில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். வளர்ந்த ஈயை அது கொல்வதில்லை, புழுவைத்தான் கொல்லும். புழுவின் உடம்பு தண்ணீர் நிறைந்த பைபோல் ஆகி, தலையைத் தூக்கியபடி அறையிலேயே செத்துக்கிடக்கும். தென்னிந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அடுக்குத் தேனீக் கூடுகள் அழிந்தன. மருந்தும் கிடையாது. பெட்டியை நம்பிப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியவர்கள் பாடு என்னவாகியிருக்கும்! தப்பிப் பிழைத்த சில கூடுகளிலிருந்து பெருக்கித்தான் மறுபடி தொழிலைத் தூக்கி நிறுத்தினார்கள்.

சத்துக் குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் என்ன ஆகிறது? நல்ல உடம்பாக இருந்தால் ஒரு வாரத்தில் எழுந்து உட்காரும். நோஞ்சானை அது உலுக்கி எடுத்துவிடும். தேனீயும் அப்படித்தான். தாங்கக்கூடிய அளவு விஷம், தாங்கக்கூடிய அளவு ஒட்டுண்ணி, இரண்டும் சேர்ந்தால் தாங்காது. பலவகைப் பூ கிடைக்காமல் ஒரே பயிரைத் தின்று சத்துக் குறைந்திருந்தால் இன்னும் மோசம். வேலியோரப் புங்கமும் தும்பையும் வேம்பும் ஏன் வேண்டும் என்பது இதனால்தான்.

குழந்தைப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தடவாதீர்கள். எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து விஷம் சுரந்தால் உடம்பே தளர்ந்துபோகும். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

தோட்டம் வைத்திருப்பவர்கள் பூத்த செடியில் எதையும் தெளிக்காதீர்கள். தெளித்தே தீரவேண்டும் என்றால் பொழுது சாய்ந்து தேனீ கூடு திரும்பிய பிறகு. தூள் வேண்டாம். மகரந்தத்தோடு ஒட்டிக்கொண்டு கூட்டுக்குள்ளேயே போய்விடும். வேப்பங்கொட்டைக் கரைசல் அவ்வளவு கெடுதல் இல்லை, அதையும் சாயங்காலமே தெளியுங்கள். தேனீ வரும்வரை பரங்கிக்கு நீங்களே உதவலாம். விடிந்தவுடன் நீளக் காம்புள்ள ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அடியில் குட்டிப் பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். பெட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் எங்கள் மாவட்டத்துக் கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ விசாரித்துக் கற்றுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நாத்தனார் பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டைக்குப் போகவில்லை. அவர் சம்சாரத்திடம் ஒரு பாட்டில் தேனோடு போய், "அக்கா, அடிக்கறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்க, சாயங்காலமா அடிச்சா உங்க எள்ளுலயும் காய் நல்லாப் பிடிக்கும்" என்று கேட்டிருக்கிறாள். அந்தம்மா யோசித்துவிட்டுச் சரி என்றாராம். இந்தப் பங்குனியில் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். இரண்டு தடவையும் இருட்டியபின் பெட்டி வாசலைக் கம்பி வலையால் மூடி, ஈரச் சாக்கைப் போர்த்தி, உள்ளே சர்க்கரைப் பாகு வைத்து, மறுநாள் சாயங்காலம்தான் திறந்துவிட்டாள். ஒரு நாளுக்கு மேல் மூடினால் புழுங்கிச் செத்துவிடும். இப்போது மூன்று பெட்டியும் நிறைந்து இருக்கின்றன. நாலாவதைக் கொதிக்கும் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறாள்.