மாதிரி விமானச் சங்கத்தில் சேர்வதால் ஆவதென்ன?

விளையாட்டு விமானம் ஒன்றைப் பறக்கவிடுவதற்குச் சங்கம் எதற்கு, சந்தா எதற்கு என்று எம்மவர் பலர் கேட்கக்கூடும். பட்டம் விடுவதற்குக் கூட அங்கத்துவ அட்டை வேண்டுமா என்று நகைப்போரும் உளர். ஆனால் அமெரிக்காவில் இக்கேள்வி கடந்த பல ஆண்டுகளாக நாடாளுமன்றம் வரையிலும் நீதிமன்றம் வரையிலும் சென்றுவந்த ஒன்றாகும். அங்கு குடியேறி வாழும் எமது உறவினர்களின் பிள்ளைகள் சிலரும் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டு வருகின்ற நிலையில், அந்நாட்டின் தேசிய மாதிரி விமானச் சங்கத்தில் சேர்வதால் ஒருவருக்குக் கிட்டுவது யாது என்பதை இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

அமெரிக்காவில் இத்துறைக்கான தேசிய அமைப்பு 'அக்கடமி ஒவ் மொடல் ஏரோநோட்டிக்ஸ்' என்பதாகும். 1936ஆம் ஆண்டு தோற்றம் பெற்ற இவ்வமைப்பு இன்று இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் தனது தலைமையகத்தையும் பறப்புத் திடலையும் அருங்காட்சியகத்தையும் கொண்டு இயங்குகின்றது. 2010களின் நடுப்பகுதியில் தன்னிடம் ஏறக்குறைய 2 லட்சம் அங்கத்தவர்கள் இருப்பதாக அது கூறிவந்தது. நாடெங்கும் பரந்துள்ள உள்ளூர்க் கழகங்கள் இதன் கீழேயே பதிவு செய்யப்பட்டுள்ளன. வயது வந்தோருக்கான ஆண்டுச் சந்தா 2010களின் பிற்பகுதியில் 75 டொலராக இருந்தது. அத்தொகைக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதே பலரதும் வினா.

சங்கத்தினர் முதலில் எடுத்துக் காட்டுவது காப்புறுதியை. அங்கத்தவர் ஒருவரின் விமானம் பிறருக்குக் காயத்தையோ சொத்துச் சேதத்தையோ விளைவித்தால் 25 லட்சம் டொலர் வரையில் பொறுப்புக் காப்புறுதி உண்டு. இது வெறும் காகித வாக்குறுதி என எண்ணிவிடலாகாது. ஐந்து கிலோகிராம் எடையுள்ள மாதிரி விமானம் ஒன்று மணிக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதுமாயின், அதே எடையுள்ள கல் ஒன்று ஏறத்தாழ 46 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்கு அது சமமாகும். முன்னால் சுழலும் விசிறியின் கூர்மை வேறு. 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில் 19 வயது இளைஞர் ஒருவர் தாம் இயக்கிய மாதிரி ஹெலிகொப்டரின் சுழலி தாக்கி உயிரிழந்தார். கைதேர்ந்த இயக்குநர் எனப் பெயர் பெற்றிருந்தவருக்கே அக்கதி நேர்ந்தது. விளையாட்டுப் பொருள் என்ற சொல் இங்கு எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

ஆயினும் இக்காப்புறுதியின் எல்லைகளையும் அறிந்திருத்தல் அவசியம். இது இரண்டாம் நிலைக் காப்புறுதியாகும். அதாவது, அங்கத்தவரிடம் வீட்டுரிமையாளர் காப்புறுதி இருப்பின் முதலில் அதுவே செலவை ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்டதையே சங்கத்தின் காப்புறுதி ஏற்கும். ஏற்கெனவே நல்லதொரு வீட்டுக் காப்புறுதி வைத்திருப்பவர், அது மாதிரி விமான விபத்துகளையும் உள்ளடக்குமாயின், இதனால் பெறும் மேலதிகப் பயன் குறைவே. வாடகை வீட்டில் வசிக்கும் மாணவருக்கோ புதிதாகக் குடியேறியவருக்கோ நிலைமை வேறு. பெரும்பாலும் அவருக்கு இருக்கக்கூடிய ஒரே காப்பு இதுவாகத்தான் இருக்கும். அத்துடன் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளை மீறிப் பறந்தால் காப்புறுதியை நம்பியிருக்க முடியாது. திருமண வைபவத்தைப் படமெடுத்துப் பணம் பெறுவது போன்ற வர்த்தக நோக்கிலான பறப்புகளுக்கும் இது செல்லுபடியாகாது. அதற்கு 2016இல் நடைமுறைக்கு வந்த தனியான சட்டவிதியும் அனுமதிப்பத்திரமும் உண்டு.

காப்புறுதி கைகொடுப்பது தனிமனிதருக்கு மட்டுமன்று. விமானம் பறக்கவிடத் திடல் வேண்டும். திடலுக்கு நிலம் வேண்டும். நிலம் பெரும்பாலும் ஒரு விவசாயிக்கோ நகரசபைக்கோ சொந்தமானது. தமது நிலத்தில் விபத்து நேர்ந்தால் வழக்கு தம் தலையில் விழுமோ என அஞ்சும் நிலவுரிமையாளர், காப்புறுதிச் சான்றிதழைக் காணாமல் வாயிலைத் திறப்பதில்லை. ஆகவேதான் பதிவு பெற்ற கழகங்களுள் மிகப் பல, தம்முடன் சேர விரும்புவோர் முதலில் தேசியச் சங்கத்தில் சேர வேண்டும் என நிபந்தனை விதிக்கின்றன. கழகத் திடலில் பறக்க விரும்புபவருக்கு 'சேர்வதா வேண்டாமா' என்ற கேள்விக்கே இடமில்லை.

சங்கத்தின் பழைய பணி ஒன்றை இன்றைய இளைஞர் அறியார். 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் 2000களின் நடுப்பகுதியில் பரவும் வரை, அமெரிக்காவில் மாதிரி விமானங்கள் 72 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் ஒதுக்கப்பட்ட 50 அலைவரிசைகளிலேயே இயங்கின. ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் ஒருவரது விமானம் தரையில் நொறுங்குவது உறுதி. ஆகவே திடல்களில் ஒரு பலகையும், இலக்கமிடப்பட்ட உடுப்புக் கிளிப்புகளும் இருந்தன. தமது அலைவரிசைக்குரிய கிளிப்பைக் கையில் எடுத்தவர் மட்டுமே கருவியை இயக்கலாம். அந்த அலைவரிசைகளைப் பெறுவதற்கும் காப்பதற்கும் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவுடன் வாதாடியது சங்கமே. தனியொருவர் கடிதம் எழுதி அலைவரிசை பெற்றதாக நாம் அறிந்ததில்லை.

இனிச் சட்டத்தின் பக்கம் வருவோம். இங்குதான் விடயம் சூடு பிடிக்கின்றது.

1981இல் அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிட்ட சிறியதோர் ஆலோசனைப் பத்திரமே நீண்டகாலமாக மாதிரி விமானங்களுக்கான ஒரே வழிகாட்டலாக இருந்தது. அதுவும் தன்னார்வமாகப் பின்பற்றத்தக்கதே. பின்னர் ஆளில்லா விமானங்கள் பெருகத் தொடங்கியதும் நிர்வாகம் விதிகளை வகுக்க முனைந்தது. சங்கம் காங்கிரஸை நாடியது. அதன் பயனாக 2012 பெப்ரவரியில் ஒப்பமிடப்பட்ட சட்டத்தின் 336ஆம் பிரிவு, தேசிய அளவிலான சமூக அமைப்பொன்றின் பாதுகாப்பு வழிகாட்டல்களுக்கு அமைய, பொழுதுபோக்குக்காக மட்டும் பறக்கவிடப்படும் மாதிரி விமானங்கள் தொடர்பாக நிர்வாகம் விதி எதனையும் ஆக்கலாகாது எனத் தடுத்தது. ஒரு பொழுதுபோக்குச் சங்கம் ஓர் அரச நிறுவனத்தின் கையைக் கட்டிவைத்த அரிய சந்தர்ப்பம் அதுவாகும்.

அவ்வெற்றி நீடிக்கவில்லை. சில நூறு டொலருக்குக் கடையில் வாங்கி, பெட்டியைத் திறந்த அன்றே வானில் ஏற்றக்கூடிய ட்ரோன்கள் லட்சக்கணக்கில் விற்பனையாகின. அவற்றை வாங்கியோர் கழகம் எதனையும் அறியாதவர்கள். விமான நிலையங்களுக்கு அருகிலும் காட்டுத்தீ அணைக்கும் விமானங்களின் பாதையிலும் அவை காணப்பட்டன. 2015 டிசெம்பரில் நிர்வாகம் 0.55 இறாத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 250 கிராமுக்கு மேற்பட்ட யாவற்றுக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. ஜோன் டெய்லர் என்ற பொழுதுபோக்காளர் வழக்குத் தொடுத்தார். 336ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி 2017 மே மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம், பொழுதுபோக்கு மாதிரி விமானங்களைப் பொறுத்தவரை அவ்விதியைச் செல்லாதென அறிவித்தது. இவ்வழக்கைத் தொடுத்தவர் சங்கம் அன்று, தனிமனிதர் என்பதை நியாயத்தின் பொருட்டு நாம் குறிப்பிட்டேயாக வேண்டும். ஆனால் அவ்வாண்டு டிசெம்பரிலேயே காங்கிரஸ் பதிவு விதியை மீட்டளித்தது. 2018 ஒக்டோபரில் 336ஆம் பிரிவே நீக்கப்பட்டது.

அதற்குப் பதிலாக வந்த சட்டத்தின்படி, பொழுதுபோக்காளர் நானூறு அடி உயர எல்லையைப் பேண வேண்டும். இணையவழி அறிவுப் பரீட்சையொன்றில் தேற வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சமூக அமைப்பொன்றின் பாதுகாப்பு வழிகாட்டல்களைப் பின்பற்ற வேண்டும். இந்த இறுதி நிபந்தனையைக் கொண்டு, சங்கத்தில் சேராமல் பறப்பது சட்டவிரோதம் எனச் சிலர் பரப்பி வருவது தவறாகும். பின்பற்றத்தான் வேண்டுமே தவிர, சேர வேண்டும் எனச் சட்டம் கூறவில்லை. வழிகாட்டல்களை எவரும் பணமின்றிப் படித்துக்கொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற அமைப்பும் இன்று ஒன்று மட்டுமன்று. ட்ரோன் பறக்கவிடுவோரின் அமைப்புகளும் அப்பட்டியலில் உள்ளன.

அப்படியாயின் 250 கிராமுக்குட்பட்ட சிறு ட்ரோன் ஒன்றைத் தமது வீட்டு வளவில் ஞாயிறு மாலையில் பறக்கவிடுபவர் எதற்காகச் சந்தா கட்ட வேண்டும்? எமது பார்வையில், அவர் கட்டத் தேவையில்லை. பொழுதுபோக்குக்காக மட்டும் பறக்கும் அவ்வகைக் கருவிக்குப் பதிவும் வேண்டியதில்லை. பரீட்சையை எழுதி, விதிகளைப் படித்து, அயலவர் வீட்டு யன்னலை எட்டிப்பாராதிருந்தால் அவருக்கு அது போதும். மாதாந்தச் சஞ்சிகைக்காக மட்டும் சேர்வோரும் இருக்கக்கூடும். அது அவரவர் விருப்பம்.

போட்டியிலும் சாதனையிலும் நாட்டமுள்ளோர் நிலை இதற்கு நேர்மாறானது. 2003 ஓகஸ்ட் மாதம் மேனார்ட் ஹில் என்ற முதியவரின் குழு, கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து ஏவிய மாதிரி விமானம் 38 மணித்தியாலங்களுக்கு மேலாக அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, ஏறத்தாழ 3,030 கிலோமீற்றர் பறந்து அயர்லாந்துக் கரையில் தரையிறங்கியது. அவ்வேளை அவருக்கு வயது 77. பார்வையும் செவிப்புலனும் பெரிதும் குன்றியிருந்தன. பல்சா மரத்தால் ஆன அவ்விமானம் எரிபொருளுடன் சேர்த்து ஐந்து கிலோகிராமைத் தாண்டலாகாது என்பது சர்வதேச வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் விதி. முந்திய முயற்சிகளில் பல விமானங்கள் கடலுக்கு இரையாகியிருந்தன. அச்சாதனை சம்மேளனத்தின் ஏட்டில் ஏறுவதற்குத் தேசிய அமைப்பின் வழியே செல்ல வேண்டும். வேறு வழி கிடையாது.

பிரித்தானியாவில் வாழும் எம்மவருக்கு ஒரு வார்த்தை. அங்கு 1922இல் தோன்றிய சங்கமே இன்றைய பிரித்தானிய மாதிரிப் பறப்புச் சங்கம். அது அங்கத்தவருக்கு 250 லட்சம் பவுண் வரையான பொறுப்புக் காப்புறுதியை வழங்குகின்றது. அதைவிட முக்கியமாக, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடமிருந்து அது பெற்றுள்ள அனுமதியின்படி, பொதுமக்களுக்கு விதிக்கப்பட்ட 120 மீற்றர் உயர எல்லையை அங்கத்தவர்கள் குறித்த நிபந்தனைகளுடன் தாண்டலாம். காற்றோட்டத்தில் மிதக்கும் கிளைடர் விமானங்களை விரும்புவோருக்கு இச்சலுகை ஒன்றே சந்தாவுக்கு ஈடாகும்.

சங்கத்தின் மீது குறைகள் இல்லாமல் இல்லை. ட்ரோன்காரர்களை ஆரம்பத்தில் எட்டத்தில் வைத்துவிட்டு, பின்னர் அவர்களையும் அணைத்துச் சந்தா பெருக்க முயன்றது என இரு தரப்பினருமே குறைகூறுவர். பழைய அங்கத்தவர்கள், தமது திடலில் ஐம்பது ஆண்டுகளாக எவருக்கும் தீங்கின்றிப் பறந்தும் நேற்று வந்தவர்களின் தவறுக்காகத் தாம் தண்டிக்கப்படுவதாக மனம் வருந்துகின்றனர். இவ்வருத்தத்தில் உண்மை உண்டு. அச்சம் சூழ்ந்த வேளையில் அரசு கருவிகளுக்கிடையே வேறுபாடு பார்ப்பதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் எமது நாட்டிலும் ட்ரோன்களும் ஆளில்லா விமானங்களும் அடுத்த சில நாட்களிலேயே முற்றாகத் தடைசெய்யப்பட்டமை வாசகர்கள் அறிந்ததே.

சந்தாவின் பெறுமதியை அளக்க 2019இன் இறுதி நாளில் அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட முன்மொழிவு நல்லதோர் அளவுகோல். வானில் பறக்கும் ஒவ்வொரு கருவியும் தனது அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஓயாது அறிவித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றது அது. கையால் கட்டிய பழைய மரவிமானங்களில் அத்தகைய கருவி ஏது? அவற்றுக்கென அங்கீகரிக்கப்பட்ட திடல்கள் மட்டும் விலக்களிக்கப்படும். ஆனால் அதற்கு விண்ணப்பிக்க ஓராண்டு மாத்திரமே அவகாசம், அதன்பின் புதிய திடல்களுக்கு இடமில்லை என்று முன்மொழியப்பட்டது. காலப்போக்கில் திடல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு இப்பொழுதுபோக்கே மெல்ல அருகிப்போகும் நிலை. சங்கம் தனது அங்கத்தவர்களை எழுதத் தூண்டியது, ஏனையோரும் எழுதினர். 53,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் குவிந்தன. 2021 ஜனவரியில் வெளியான இறுதி விதியில் அந்த ஓராண்டு எல்லை நீக்கப்பட்டிருந்தது. எழுதியவர்களுள் சந்தா கட்டாதோரும் உளர். திடல் காக்கப்பட்டதன் பலன் சந்தா கட்டாதோருக்கும் கிட்டியது. பொதுக் கிணற்றைத் தூர்வாருவோர் சிலர், நீர் அள்ளுவோர் பலர் என்பது எங்கும் உள்ளதுதான்.

ஆனால் அத்திடல் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கத் தனிநபருக்கு உரிமையில்லை. அங்கீகரிக்கப்பட்ட சமூக அமைப்புகளும் கல்வி நிறுவனங்களும் மட்டுமே விண்ணப்பிக்கலாம். வழங்கப்படும் அங்கீகாரமும் 48 மாதங்களுக்கே செல்லுபடியாகும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். சோளக் கொல்லையின் ஓரத்தில் புல்வெட்டிய ஒரு திடலும் ஒரு கொட்டிலும் மட்டுமே கொண்ட சிறு கழகம் ஒன்று, நான்காண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் புதுப்பித்தலுக்காகச் சங்கத்தின் மன்சி அலுவலகத்தையே நாட வேண்டியிருக்கின்றது.