‘மற்றும் பலர்’ என்பதற்குள் யார்?

சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் குகைக்குச் செல்லும் மாணவர்கள், அங்குள்ள கற்படுக்கையின் தமிழி எழுத்துகள் முன் சற்று நிற்க வேண்டும். சுமார் ஈராயிரம் ஆண்டுப் பழைய அந்தக் கல்வெட்டு, படுக்கை யாருக்கு என்று சொல்வதோடு நிற்கவில்லை. அதைச் செய்து தந்த இளையரையும் சொல்கிறது.

இன்றைய அறிவியலில் அந்தக் கல்வெட்டின் இடத்தில் இருப்பது ஆய்வுக் கட்டுரை. அதில் வரும் பெயர் வரிசைதான் ஓர் ஆய்வாளரின் சொத்து. எத்தனை கட்டுரை, எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்தே வேலையும் பதவி உயர்வும் தீர்மானிக்கப்படுகின்றன. ‘எச்-இண்டெக்ஸ்’ என்ற எண்ணும் அப்படித்தான். ஒருவரின் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவருடைய எண் 10.

இந்தக் கணக்கில் வராத உழைப்பு ஒன்று உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1985 இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. பேராசிரியர் சுனிதி சாலமன் தந்த தலைப்பை ஏற்று, பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்ட பெண்களை வைத்திருந்த சென்னைக் காப்பகத்துக்குச் சென்று இரத்தம் எடுத்தார். அதைப் பிரித்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்தார். ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அங்கே ஜேக்கப் ஜான் தலைமையிலான வைரஸ் ஆய்வுக் குழு 1986 பிப்ரவரியில் சோதித்தது. ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

1987-இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் கட்டுரை வந்தது. முதல் பெயர் சிமோஸ். நிர்மலா நான்காவது, சுனிதி சாலமன் ஐந்தாவது. பிறர் மேற்கோள் காட்டும்போது ‘சிமோஸ் மற்றும் பலர்’ என்று எழுதுவார்கள். அந்த ‘மற்றும் பலர்’ என்ற இரு சொல்லுக்குள் ரயிலேறிப் போனவர் மறைந்துபோகிறார். பின்னர் கிண்டி கிங் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அவரை நாடு நெடுங்காலம் நினைக்கவில்லை. இது சோதித்தவர்கள் மீதான குற்றச்சாட்டல்ல. பெயரை எண்ணும் முறையின் குறை.

இதற்கும் கீழே இன்னொரு படி இருக்கிறது. அந்தப் பெண்கள். எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அவர்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். நோயாளியின் பெயரை வெளியிடாதது சரி. ஆனால் அவர்களின் சம்மதத்தைக் கேட்காதது? அடைத்து வைக்கப்பட்டவர்களிடம் கேட்க வேண்டியதில்லை என்பதே அன்றைய பொதுப்புத்தி. விவரம் அறிந்து தரும் ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை கூடாது என்ற சட்டம் 2017-இல்தான் வந்தது.

நம் மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. வேங்கைவயல் வழக்கில் 2023-இல் மரபணுச் சோதனைக்கு இரத்தம் கேட்டபோது, குடிநீரில் மலம் கலக்கப்பட்டுப் பாதிக்கப்பட்ட தலித் மக்களில் சிலரே தர மறுத்தார்கள். ‘எங்கள் இரத்தம் எதற்கு’ என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

ஆய்வகத்துக்குள் நுழையும் நம் பிள்ளைகளுக்கும் கேட்கும் உரிமை உண்டு. தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு ஆளாவதை 2007-இல் சுகதேவ் தோரட் குழு பதிவு செய்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவருக்கு, கட்டுரையில் தன் பெயர் எங்கே வரும் என்று வழிகாட்டியிடம் கேட்கவே கூச்சம். கூச்சப்பட வேண்டாம். துறைத் தலைவராக இருப்பதாலோ நிதி பெற்றுத் தந்ததாலோ மட்டும் ஒருவர் கட்டுரை ஆசிரியர் ஆகிவிட முடியாது என்பது பன்னாட்டு மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதி.

வேலை தொடங்கும் நாளிலேயே பெயர் வரிசையைப் பேசுங்கள். செய்த வேலையைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். யாரிடமிருந்து மாதிரி எடுக்கிறீர்களோ, அவர்களுக்குப் புரியும் தமிழில் காரணம் சொல்லிவிட்டு ஊசியை எடுங்கள்.