53 வயதில் சைக்கிள்

அமெரிக்க மதுவிலக்கு இயக்கத் தலைவி பிரான்சிஸ் வில்லார்டு (1839–1898) சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது தமது 53ஆம் வயதில். பதினாறு வயதில் நீளப் பாவாடைக்கு மாறியதோடு அவரது ஓட்டமும் ஆட்டமும் முடிந்திருந்தன. 1892இல் தாயை இழந்தார். ஓயாத பொதுப்பணியால் உடலும் தளர்ந்திருந்தது. அந்த நிலையில்தான் இங்கிலாந்தில் சைக்கிள் பழகத் துணிந்தார். தம் வண்டிக்கு கிளாடிஸ் என்று பெயரிட்டார்.

1895இல் அவர் எழுதிய சிறு நூல், அந்தப் பயிற்சியை ஒவ்வொரு கட்டமாகத் திரும்பிப் பார்க்கிறது. முதலில் மூன்று இளைஞர்கள் வண்டியைப் பிடித்துக்கொள்ள, பயந்தபடியே இருக்கையில் ஏறினார். பிறகு இருபுறமும் இரண்டு பெண்கள் தாங்கினார்கள். அடுத்து ஒருவர் மட்டும். கடைசியில் யார் துணையும் இல்லை. பெடல் மிதிப்பது, திருப்புவது, இறங்குவது, ஏறுவது என்ற வரிசையில் கற்றார். ஏறுவது கடைசியாகத்தான் கைவந்தது என்பது, பெரிய வயதில் பழகிய எவருக்கும் எளிதில் புரியும். சராசரியாக நாளுக்குக் கால் மணி நேரம், மொத்தம் மூன்று மாதம் என்பது அவரே போட்ட கணக்கு. தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்ந்த பாவாடைதான் அவரது பயிற்சி உடை.

கற்றதற்கான காரணங்களையும் அவர் மறைக்கவில்லை: சாகச ஆசை, பெண்களின் உலகம் விரிய வேண்டும் என்ற விருப்பம், இந்த வயதில் முடியாது என்று பலர் எண்ணியது. மூன்றாவதைச் சொன்ன நேர்மைக்காகவே அந்த நூலைப் படிக்கலாம்.