கைபேசிச் சூதாட்டத்தின் கணக்கு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்குச் சனிக்கிழமை வாரக் கூலி நாளாகும். மளிகைக் கடன், சீட்டுப் பணம், மகளிர் குழுத் தவணை ஆகியவை அன்று மாலையில்தான் தீர்க்கப்படுகின்றன. சமீப காலமாக அப்பணம் வீடு வந்து சேருமுன்னரே கைபேசி வழியாக வேறிடம் சென்றுவிடுவதை நாம் கண்டு வருகிறோம். நமது ஒன்றியத்துக் கிராமமொன்றில் ஒரு குழுவின் தவணை மூன்று மாதம் நிலுவையில் நின்றது. பட்டாசு வேலை குறைந்ததே காரணம் என்று முதலில் எண்ணினோம். விசாரித்தபோது, வசூலான தொகையை உறுப்பினர் ஒருவரின் மகன் இணையச் சூதில் இழந்திருந்தது தெரியவந்தது.

இச்சூதின் கணக்கு யாது? ரௌலட் எனப்படும் சக்கர ஆட்டத்தைக் கவனிப்போம். அதில் பூஜ்யம் முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணில் ஒரு ரூபாய் வைத்து வென்றவருக்கு 35 ரூபாய் பரிசும் வைத்த ரூபாயும் சேர்ந்து 36 கிடைக்கும். 37 எண்களிலும் ஒவ்வொரு ரூபாய் வைப்பவர் 37 கொடுத்து 36 பெறுவார். எஞ்சிய ஒரு ரூபாய் நடத்துபவருக்கு, நூற்றுக்கு 2.70 என்றாகிறது. நேர்மையாக நடக்கும் ஆட்டத்தின் நிலையே இது.

"நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை, கந்துவட்டியைவிடக் குறைவாயிற்றே" என்று வார்டு உறுப்பினர் ஒருவர் நம்மிடம் கூறினார். வட்டி மாதத்திற்கு ஒருமுறை ஏறுவது. இதுவோ ஒவ்வொரு சுற்றிலும் பிடித்தமாவது. நூற்றுக்கு 96 திரும்பத் தருவதாகக் கூறும் ஓர் ஆட்டத்தில், சுற்றுக்கு 10 ரூபாய் வீதம் நிமிடத்திற்குப் பத்துச் சுற்று ஆடினால் ஒரு மணி நேரத்தில் 6,000 ரூபாய் பந்தயம் வைத்ததாகும். சராசரி நஷ்டம் 240 ரூபாய். இடையிடையே விழும் சிறு பரிசுகள் மீண்டும் பந்தயத்திற்கே செல்வதால் இந்நஷ்டம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இலவசமாக 500 ரூபாய் தருகிறோம் என்னும் அழைப்பும் இத்தகையதே. அத்தொகைக்கு முப்பது மடங்கு ஆடிய பின்னரே பணத்தை எடுக்கலாம் என்பது நிபந்தனையானால், 15,000 ரூபாய்க்குப் பந்தயம் வைக்க வேண்டும். மேற்சொன்ன விகிதப்படி அதில் 600 ரூபாய் போய்விடும்!

சட்டத்திற்குப் புறம்பான தளங்களில் இவ்விகிதத்தைச் சரிபார்ப்பாரும் இல்லை. வென்ற பணத்தைக் கேட்டால், முதலில் வரி கட்டுங்கள் என்று மேலும் பணம் பறிப்பதுண்டு. இன்னொரு அபாயத்தையும் ஊரார் அறிய வேண்டும். சிறு கமிஷனுக்காக வங்கிக் கணக்கை அந்நியருக்குக் கொடுப்போர், அக்கணக்கு முடக்கப்படும்போது அதில் வரும் அரசு உதவித்தொகையையும் எடுக்க இயலாமல் தவிக்கின்றனர். காவல்துறை விசாரணையும் அவர்களையே தேடி வரும்.

1968-இல் அரசே தொடங்கிய லாட்டரிச் சீட்டை நம் மாநிலம் அறியும். 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளும் தடை செய்யப்பட்டன. அச்சீட்டு விற்றவரைப் பேருந்து நிலையத்திலாவது காணலாம். குலுக்கல் முடிவுக்குக் காத்திருக்கவும் வேண்டும். இன்றைய சூதுக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை.

2022-இல் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்திற்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என விலக்கி, அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றிற்று. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் அதில் விதிக்கப்பட்டுள்ளன.

பணம் மோசடியாகப் போயிற்று என்று அறிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். நாள் கடந்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும். பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்தல் அவசியம். வெட்கத்தினால் மறைத்த குடும்பங்களே அதிகம் இழந்துள்ளன.

மேற்கூறிய குழுவினர் இப்போது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூடித் தவணை வசூலிக்கின்றனர். இருவர் கையொப்பமிட்டு, திங்களன்று வங்கியில் செலுத்துகின்றனர். நிலுவையில் இரண்டு தவணைகள் தீர்ந்துள்ளன. அந்த இளைஞர் மூன்றாவதைத் தம் கூலியிலிருந்து வாரம் 300 ரூபாயாகக் கட்டி வருகிறார்.