சட்டை சிறியது, விலை பெரியது!

தீபாவளிக்குக் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் வாங்கிய பட்டுப் பாவாடை, சித்திரைப் புத்தாண்டுக்கே கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுகிறது. முதல் ஆண்டில் மட்டும் குழந்தை ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் வளர்கிறதே! 150 வெள்ளி உடுப்பை மூன்று முறை போட்டால், ஒரு தடவைக்கு 50 வெள்ளி.

பாட்டிமார் இதற்கு வழி வைத்திருந்தார்கள். பாவாடையின் அடியில் இரண்டு 'டக்' பிடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவார்கள். தையற்காரரிடம் இன்றும் கேட்கலாம். பிரிக்பீல்ட்ஸில் ரெடிமேட் வாங்கினாலும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் துணி விட்டிருந்தால் அடுத்த தீபாவளிக்கும் தாங்கும்.

பிராண்ட் உடைதான் வேண்டுமா? சிப்பாங்கில் 2015-இல் திறந்த மிட்சுய் அவுட்லெட் பார்க் இருக்கிறது. ஒரே ஒரு சட்டைக்காகப் போகாதீர்கள். டோலும் பெட்ரோலும் தள்ளுபடியைத் தின்றுவிடும். போனால், அடுத்த பண்டிகைக்கான அளவில் எடுங்கள்.

அக்காள் பிள்ளை போட்டதென்றால் சிலர் முகம் சுளிக்கிறோம். பச்சைக் குழந்தையைத் தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றிய வீடுகள்தானே நம்முடையவை! கொடுக்க ஆளில்லையென்றால் கெரோசலில் விற்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வாங்குபவர் கேட்பார்.