கெப் வண்டிக்குப் பெரிய டயர்: உரசாமல் போடுவது எப்படி?



பொகவந்தலாவைப் பக்கம் லயத்துக்கு ஏறும் ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடுவில் கல் துருத்திக்கொண்டிருக்கும், மழை பெய்தால் இரண்டு பக்கமும் வாய்க்கால்தான். அதனால்தான் கெப் வைத்திருக்கும் நம்ம பிள்ளைகள் பெரிய டயர் போட ஆசைப்படுகிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதுவரை பழைய கெப்பையே திருத்தித் திருத்தி ஓட்டினோம், இன்னும் ஓட்டுகிறோம்.

ஆசை தப்பில்லை. ஆனால் பெரிய டயர் வண்டியில் உரசினால் அதன் பக்கச்சுவர் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்படும். ஒரு நாள் வளைவில் வெடிக்கும். காய்கறி மூட்டையோடு பின்னால் ஆட்களும் ஏறியிருந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

முதலில் டயரில் உள்ள எண்ணைப் படியுங்கள். 225/75 ஆர் 15 என்றிருந்தால், 225 என்பது மில்லிமீற்றரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 வீதம். 15 என்பது ரிம்மின் அங்குலம். இந்த டயரின் முழு உயரம் சுமார் 718 மி.மீ. இதையே 235/75 ஆக்கினால் 733 மி.மீ. வரும். கூடுவது 15 மி.மீ.; வண்டியின் அடி உயர்வது அதில் பாதிதான். 31 அங்குல டயர் போட்டால் அடி சுமார் 34 மி.மீ. உயரும். ஆனால் உரசலும் அங்கேதான் தொடங்கும். ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது வண்டி 65க்கு மேல் ஓடும்.

உரசும் இடங்கள் மூன்று:

1. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன் மட்காட்டின் உள்பக்கமும் பம்பர் மூலையும்.

2. உள்ளே சேசிஸ், பிரேக் ஹோஸ் பக்கம். பிரேக் ஹோஸ் அறுந்தால் உயிருக்கே ஆபத்து.

3. பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது பின் மட்காட்டின் மேல்பக்கம்.

ரிம்மும் முக்கியம். அது உள்ளே தள்ளி உட்கார்ந்தால் டயர் சேசிஸில் படும். வெளியே தள்ளினால் மட்காட்டில் படும், பெயரிங்குக்கும் பாரம் கூடும்.

காசு கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். முன்னால் ஒரு டயரை மட்டும் மாட்டச் சொல்லி, அதன் ஓரத்தில் சோக்குப் பூசுங்கள். வழக்கமான பாரத்தை ஏற்றி, அந்தச் சில்லைத் தடித்த பலகைமேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடியுங்கள். ரிவர்ஸிலும் பாருங்கள். எங்கே சோக்கு ஒட்டியிருக்கிறதோ அங்கே உரசுகிறது. பிறகு பின் சில்லையும் இப்படியே பாருங்கள். வண்டி அசையும்போது யாரும் அடியில் போகக் கூடாது.

கொஞ்சம்தான் பட்டதென்றால் கராஜில் மட்காட்டின் பிளாஸ்டிக்கை ஒதுக்கலாம். ஸ்டியரிங் ஸ்டொப் போல்ட்டை நீட்டி ஒடிப்பைக் குறைக்கலாம். ஆனால் கொண்டை ஊசி வளைவில் கூடுதலாக ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரும். முன்பக்கம் டோர்ஷன் பார் உள்ள வண்டியில் அதை முறுக்கி உயர்த்தினால் பின் டிஃபரன்ஷல் உயராது. வண்டியின் பாரம் மேலே போகும், கவிழும் பயமும் கூடும். உயர்த்தினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பெரிய டயருக்கு பிரேக்கும் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். நம்ம இறக்கங்களில் இதை மறக்க வேண்டாம். பழைய டயர் வாங்கினால் பக்கத்தில் உள்ள நான்கு எண்ணைப் பாருங்கள்: 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. ஆறேழு வருடம் தாண்டியதை, பூ நன்றாயிருந்தாலும் விடுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். காப்புறுதிக்காரரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அகலக்கால் வைக்க வேண்டாம். ஒரு அளவு மட்டும் கூட்டினால் நம்ம ரோட்டுக்குப் போதும். நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி அது. இராத்திரியில் நோயாளியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதே வண்டிதான். பார்வைக்கு எடுப்பாக இருப்பதைவிட, பத்திரமாகப் போய் வருவதுதான் நமக்கு வேண்டும்.